கார் ஒழுகும் சத்தத்தை அப்பா கேட்கப் போனது

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கார்தான் கொஞ்ச நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலை துவட்டாமல் ஈரத்தோடு ஓடாமல், நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன தடவை போனில், "அப்பாவுக்கு என் குரலைக் கேக்கவே பிடிக்கலம்மா, ஹலோ சொன்னதும் லைன் சரியில்லன்னு உன்கிட்ட குடுத்துடறாரு, நான் எதுக்கு லீவுக்கு வரணும், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்" என்று அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நீ அவ்வளவு தூரத்து வேலைக்குப் போகக்கூடாது என்று அவர் குதித்தது வாஸ்தவம், நீ பிடித்த பிடியில் நின்று போனதும் வாஸ்தவம், அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது இல்லை என்று தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் அழுவேன், விஷயம் நடுத்தெருவில் நிற்கும், அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் கார் கதை வரும், இது நமக்கெதற்கு என்று தாண்டிப் போகாதே, விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

கார் சூடாகிறது என்று முதலில் கண்டுபிடித்தது நான், அதை இந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. காய்கறி வாங்கித் திரும்பும்போது, "என்னங்க, முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு" என்றேன், "நீ ரோட்டைப் பாரு" என்றார், ஓட்டுவது அவர், ரோட்டை நான் பார்க்க வேண்டுமாம். வீட்டு வாசலில் வந்து நின்றதும் புஸ்ஸென்று ஆவி. எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சைத் தண்ணி, கூலண்ட் என்கிறார்களே, அது இருக்கிற டப்பா காலி. சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன், இல்லாவிட்டால் முகம் வெந்து போயிருக்கும், நீயும் அங்கே என்றைக்காவது கார் வாங்கினால் சூடாக இருக்கும்போது அந்த மூடியில் மட்டும் கை வைக்காதே. ஆறவிட்டு ஊற்றி நிரப்பினோம், ஒரு சுற்று போய் வந்து பார்த்தால் மறுபடியும் குறைந்திருக்கிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சொட்டினால் பச்சையாகத் தெரியும் என்று என்னுடைய நல்ல வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக் காருக்கடியில் விரித்தார். காலையில் போய்ப் பார்த்தால் அதில் பச்சையைக் காணோம், ஒரு தெருப்பூனையும் அது அன்றைக்குப் போட்ட குட்டிகளும் இருந்தன. அந்தத் தண்ணி தித்திப்பாக இருக்குமாம், நக்கினால் உயிரே போய்விடுமாம், நல்லவேளை ஒன்றும் சொட்டவில்லை. விரிப்பு இப்போது பூனைக்குத்தான் சொந்தம், நான் கேட்கவும் முடியாது.

அப்போதுதான் உன் மாமா வந்தான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது, தெரிந்ததில் ஒன்றும் உருப்படியாக இருக்காது. "அத்தான், ரேடியேட்டர்ல ஒரு முட்டையை உடைச்சு ஊத்துங்க, அது வெந்து ஓட்டையைப் போய் அடைச்சுக்கும்" என்றான். உன் அப்பா ஒன்று போதாதென்று இரண்டு ஊற்றினார். ஓட்டை அடைபட்டதோ இல்லையோ, கார் போகிற இடமெல்லாம் ஆம்லெட் வாசனை, சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்காரர் எட்டிப் பார்த்து ஏங்கினார். முள் இன்னும் சீக்கிரமாகச் சிவப்புக்குப் போக ஆரம்பித்தது.

சரி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றேன். அதுவும் உடனே நடக்குமா? உன் அப்பா தண்ணீர் இலாகாவில் என்ன வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியாததில்லை, ரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற ஆள். "ரோட்டுக்கடியில ஒழுகறதையே கேட்டவன், கண்ணுக்கு முன்னாடி நிக்கிற காரு எம்மாத்திரம்" என்று பரண்மேலிருந்து அந்தக் கம்பியை இறக்கிவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். எஞ்சின்மேல் கம்பியை ஊன்றிக் காதை வைத்து, கண்ணை மூடி, பானட்டுக்குள் பாதி உடம்பு போய் அவர் நின்றதைப் பார்த்து, தெருவில் போனவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தினமும் கேட்டுவிட்டு, "ஒரு சத்தமும் இல்ல, இதுல லீக்கே இல்ல" என்பார். லீக் இல்லாமல் தண்ணி எங்கே போகிறது, காரே குடிக்கிறதா என்று கேட்டேன், கம்பியை இன்னொரு இடத்தில் ஊன்றினார்.

கடைசியில் நானே போய் அச்சச்சோவைக் கூட்டி வந்தேன். நீ போன பிறகு வந்த மெக்கானிக், யார் பானட்டைத் திறந்தாலும் முதல் வார்த்தை "அச்சச்சோ" என்பதால் அவனுக்கு அதுவே பேராகிவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தவன் வழக்கம்போல அச்சச்சோ என்றான், உள்ளேயிருந்து ஒரு துண்டு முட்டையை எடுத்துக் காட்டி, "இது யாரு டிபனுங்க?" என்று கேட்டான். உன் மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது, நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி காற்றடித்தால் எங்கே ஓட்டையோ அங்கே சீறும் என்றான். சீறும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உன் அப்பா கம்பியோடு வந்துவிட்டார். சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் சுற்றிலும் அமைதி வேண்டும் என்றார். சும்மா சொல்லவில்லை, தெருவையே நிறுத்தினார். எதிர்வீட்டுத் தையற்காரர் மெஷினை நிறுத்தினார், மாடிவீட்டில் குக்கரை இறக்கினார்கள், மூலைக்கடைக்காரர் மாவு மெஷினை நிறுத்திவிட்டு அவரும் வேடிக்கை பார்க்க வந்தார், அழுத குழந்தைக்கு யாரோ வாயில் பிஸ்கட்டை வைத்தார்கள். காரைச் சுற்றி அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அச்சச்சோ பம்பை அடித்தான்.

ஸ்ஸ்ஸ் என்று கேட்டது, கண்ணு. பாம்பு சீறுகிற மாதிரி, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எல்லாரும் அப்பா முகத்தைப் பார்த்தோம். அவர் கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ம், இன்னும் அடி, ஒண்ணும் வரல" என்றார். அச்சச்சோ என்னைப் பார்த்தான், நான் என் தம்பியைப் பார்த்தேன், தையற்காரர் வாயில் குண்டூசிகளோடு வானத்தைப் பார்த்தார். "அடிப்பா, அமைதியா இருங்க எல்லாரும்" என்று எங்களை வேறு அதட்டினார், அந்தத் தெருவில் அப்போது சத்தம் போட்டது ஓட்டை ஒன்றுதான். ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரவில்லை. அச்சச்சோ பாவம், வேறு வழியில்லாமல் பம்பை இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினான், ரேடியேட்டர் மேல்பக்கத்து ரப்பர்க் குழாய், ஹோஸ் என்கிறார்களே, அதன் அடிப்பக்கம் இருந்த கீறல் வாயைப் பிளந்து பச்சைத் தண்ணி அப்பா கன்னத்தில் பீய்ச்சி அடித்தது. அவர் துடைக்கவில்லை. காதிலிருந்து கம்பியை எடுத்தார், எங்கள் எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தார், என்னைப் பார்த்து, "சத்தம் வந்துச்சா?" என்றார். வந்தது என்று தலையாட்டினேன். "நல்லாவா?" என்றார். உன் மாமாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, "அடுத்த தெருவுக்கே கேட்டுச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டான். அப்பா கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

காருக்கு ஆனது இவ்வளவுதான். ஓடும்போது கீறலிலிருந்து கசிந்தது நேரே கொதிக்கிற எஞ்சின்மேல் விழுந்து ஆவியாகிப் போயிருக்கிறது, அதனால்தான் தரைக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஹோஸையும் அதைப் பிடிக்கிற வளையத்தையும் மாற்றி, முட்டையெல்லாம் போகிறவரை அலசி, புதுக் கூலண்ட் ஊற்றினான். பிறகு உள்ளே சிக்கிய காற்று குமிழி குமிழியாக வெளியேறுகிறவரை, ஹீட்டரை முழுசாகத் திருகி வைத்து யாராவது உட்கார்ந்து எஞ்சினை ஓட்ட வேண்டும் என்றான். மத்தியான வெயிலில் உன் மாமாவை உட்கார வைத்தேன். முட்டையை எப்படி வேகவைப்பது என்று அவனுக்குத்தானே தெரியும். வெளியே வந்தபோது அவனைப் பார்த்து அச்சச்சோவே அச்சச்சோ என்றான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, கார் ஓட்டையைத் தேடப்போய் இவர் காது அகப்பட்டது. எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை இந்த மனுஷன் காதில் வாங்கியதே இல்லை, இதில் எந்த நாளிலிருந்து நிஜமாகவே கேட்கவில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது, சொல்லு. காது டாக்டரிடம் கூட்டிப்போனேன், கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள், இவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, "இங்கயும் லீக் இல்லம்மா" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டைச் சத்தமெல்லாம் கேட்கிறதாம், அதனால்தான் அச்சச்சோவோடு நன்றாகப் பேசுகிறார், மெல்லிசான கீச்சுச் சத்தங்கள்தான் போய்விட்டதாம், சீறுகிற சத்தம், பறவைச் சத்தம், போனில் வருகிற பெண்பிள்ளைகள் குரல். இவர் அதைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லிப் படித்தார். படித்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்து, "அப்போ லைன் நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் கண்ணு, இத்தனை நாளும் லைன் கோளாறு என்றே நம்பியிருக்கிறார். உன் போன் வருகிற நாளெல்லாம் மொட்டைமாடிக்கும் வாசலுக்குமாக ஓடியது அதற்குத்தான், நல்ல போனைத் தூக்கிப்போட்டு வேறு போன் வாங்கியது அதற்குத்தான், போன் ஆபீசுக்குப் போய், "எல்லாரும் பேசறது கேக்குது, என் பொண்ணு பேசறது மட்டும் ஏன்யா கேக்க மாட்டேங்குது" என்று கவுண்டரைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு வந்தாராம், அதை இப்போதுதான் என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "புள்ள நான் கோவமா இருக்கேன்னு நெனச்சிருப்பாளோ" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு அழுதார், நடுரோட்டில், எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

காதில் வைக்கிற மெஷினுக்கு அளவெடுத்திருக்கிறார்கள், சீக்கிரம் வந்துவிடும். அதுவரைக்கும் நீ போன் பண்ணினால் கொஞ்சுகிற குரலில் பேசாதே, தொண்டையை இறக்கி அந்த மெக்கானிக் மாதிரி கட்டைக் குரலில் பேசு, பக்கத்தில் இருப்பவர்கள் பயந்தால் பயப்படட்டும். செவிடன் காதில் ஊதின சங்கு என்று இனிமேல் நம் வீட்டில் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது, உன் மாமாவிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், அவன் அதற்குள் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. நீ தீர்க்காயுசாக, எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு. எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

இதை மடிக்கும்போது அப்பா வந்து, "டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேணாம்னு எழுதினியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடியும் கேட்டார். அதனால் மறுபடியும் எழுதுகிறேன், கண்ணு. டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே.