‘வண்டி நின்றது’ என்றால் யார் போவது?

மச்சான்,

திங்கட்கிழமை நம் லாரி ஆபீஸ் ஆப்பைச் சரிபார்க்க ஃபேர்லேண்ட்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மிணி வந்தார். திரையில் ஒரு பெட்டியைக் காட்டி, “‘வண்டி நின்றது’ன்னு ஒரு ஈவென்ட் இருக்குதுங்க. அதைக் கேக்கறது ஒரே ஒரு போன் நம்பர்தான். அதுவும் இப்ப வேலை செய்யல. அழிச்சிரலாங்களா?” என்றார்.

உன் எண். நீ கண்ணை மூடியபின் யாரும் எடுக்காத எண்.

நான் எழுந்து நின்றேன். நான் எழுந்தால் சங்ககிரி மலை ஓரடி பின்வாங்கும் என்பது உனக்குத் தெரியும். “அழிச்சுப் பாருங்க. நாமக்கல் கோழி அத்தனையும் முட்டை போடறத நிறுத்திப்போடும்” என்றேன். சிரித்தாரே தவிர மவுசை விடவில்லை.

நிரலில் ஒரு வரிகூடத் தெரியாத நாம் இரண்டு மேதைகளும், பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்தே கட்டிய ஆப் அல்லவா அது! “ஒருத்தன் கூவோணும், வேணுங்கறவன் காது குடுக்கோணும். அவ்வளவுதான் மாப்ள ஈவென்ட்டு” என்பாய். டிரைவர் பொத்தானை அழுத்தினால் ‘வண்டி சேர்ந்தது’ கிளம்பும். அவர் வீட்டுக்குச் சேதி போகும். சேதி போனதும் அதே ஈவென்ட்டை மறுபடி கிளப்பும்படி நான் வைத்துத் தொலைத்தேன். அன்று ஒரே வீட்டுக்குக் கோடானுகோடி சேதி. அந்த வீட்டம்மா போனில் கேட்டார்: “ஏனுங்க, எங்கூட்டுக்காரரு நாக்பூருக்கு எத்தன வாட்டிங்க போய்ச் சேருவாரு?”

“நல்ல சேதிதானுங்க அம்மிணி, வந்துட்டுப் போகுது” என்றாய் நீ, சற்றும் கூசாமல்.

வழியில் பழுதோ விபத்தோ ஆனால் கிளம்பும் ‘வண்டி நின்றது’க்கு மட்டும் வீட்டு எண்ணைச் சேர்க்க நீ விடவில்லை. “நான் லாரி ஓட்டறப்ப காலு ஒடிஞ்சு கெடந்தேன். எங்கூட்டுக்குப் போன்லதான் சொன்னாங்க. பாதி கேட்டதுமே அவ மயங்கி உழுந்துட்டா. கெட்ட சேதிய ஆளு போய்ச் சொல்லோணும் மாப்ள.” அதனால் அந்த ஈவென்ட் உன் போனுக்கு மட்டும் வந்தது. நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய், ஒவ்வொரு முறையும்.

“இனி நேரா வீட்டுக்கே மெசேஜ் போறாப்ல வெச்சிரலாங்க. எல்லாரும் அப்படித்தான் வெக்கறாங்க” என்றார் அம்மிணி.

“எல்லாரும் வெச்சுக்கட்டும். இங்க என்ற நம்பரைப் போடுங்க” என்று என் போனை நீட்டினேன்.

போட்டார். நேற்று மதியம் என் போன் அலறியது. நம் வண்டி ஒன்று அச்சு முறிந்து ஓசூர் பக்கம் நின்றுவிட்டது. டிரைவரோடு பேசி, ஆளுக்குக் காயமில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

என்னைப் பார்த்ததும் டிரைவர் மனைவியின் கை கதவைப் பிடித்தது. மூன்று மாவட்டத்துப் பொய்களுக்கும் அதிபதியான எனக்கு, மச்சான், ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. “ஆளு நல்லாயிருக்காருங்க. வண்டிதான் நிக்குது” என்றேன். அவர் கணவனைப் போனில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு, அழுது, திட்டி முடிக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “இந்த வெயில்ல வரோணுங்களா? போன்லயே சொல்லியிருக்கலாமுங்களே?”

“மாட்டேனுங்க” என்றேன்.