குளிர்ப்பெட்டியில் உறைந்த பாம்புக்கடி மருந்து

அனுப்புநர்:
செல்வி ஏ. சிவனேஸ்வரி,
பொறுப்புத் தாதி, ஆண் நோயாளர் விடுதி,
அரசினர் வைத்தியசாலை,
கொன்றையடிக்குளம்.

பெறுநர்:
வைத்திய அத்தியட்சகர் அவர்கள்,
வவுனியா.

பொருள்: விஷமுறிவு மருந்து பழுதாக்கப்பட்டமையும், அதனால் நேர்ந்த மரணத்தின் பழி என்மீது சுமத்தப்படுவதும்.

கனம் ஐயா,

1. இம்மனு மேலதிகாரியின் ஊடாக வரவில்லை என்பதைத் தாங்கள் முதலில் கவனிப்பீர்கள். ஒழுங்கு எனக்குத் தெரியும். ஆனால் அதன்படி இது எங்கள் வைத்திய அதிகாரியின் மேசையைக் கடந்தே வரவேண்டும். கடக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. உள்ளூர்த் தபாற்கந்தோரையும் நான் நம்பவில்லை. தபாலதிபர் வைத்திய அதிகாரியுடன் வேட்டைக்குப் போகிறவர். ஆகவே சரக்கெடுக்க வவுனியாவுக்கு வரும் வியாபாரி மஹ்றூப் அவர்களின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

2. தர்மபுரத்துக் கமக்காரர் வீரகத்தி, சென்ற வாரம் நெல் அரிவு வெட்டும்போது புடையன் பாம்பு கடித்து எங்களிடம் கொண்டுவரப்பட்டார். வந்தபோது நன்றாகக் கதைத்தார். வைத்திய அதிகாரியின் உத்தரவுப்படி உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினேன். குணம் காணவில்லை. பல் முரசால் இரத்தம் கசியத் தொடங்கி, மறுநாட் காலை இறந்துபோனார். மருந்து ஏற்றப் பிந்திவிட்டேன் என்று இப்போது என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இடமாற்றமும் வரும் என்று விடுதியில் பேசிக்கொள்கிறார்கள்.

3. நான் பிந்தவில்லை. மருந்தைச் சேலைன் போத்தலில் கலப்பது எப்போதும் என் வேலை. அன்று மட்டும் மருந்தறைக்குப் பொறுப்பான அப்போதிக்கரி திரு. தில்லைநாதன் அங்கேயே கலந்து கொண்டுவந்தார். "நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள் மிஸி, நான் கலந்துகொண்டு வந்திட்டன்" என்றார். இத்தனை வருடத்தில் நான் நின்றால் ஒரு கதிரையைக்கூட இழுத்துப் போடாதவர் அவர். அவசரத்தில் அந்தக் கரிசனையை நான் யோசிக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் யோசிக்க முடியவில்லை.

4. வீரகத்தியின் உடலை ஏற்றி அனுப்பிவிட்டு மருந்தறைக்குப் போனேன். அற்றெண்டன் ஐயாத்துரை குளிர்ப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அது வந்திறங்கிய நாளிலிருந்து யாரும் கழுவிக் கண்டதில்லை. ஏன் இன்றைக்கு என்று கேட்டேன். "டொக்டர் ஐயா சொன்னவர் மிஸி. எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, நான் கேளாமலே, "திரியைக் கூட்டச் சொன்னதும் அவர்தான். இறைச்சி இறுகவேணுமாம்" என்றார்.

மண்ணெண்ணெயில் எரியும் அந்தப் பெட்டியைத் தவிர இப்பகுதியில் வேறு குளிர்ப்பெட்டி கிடையாது. திரியைக் கூட்டினால் குளிர் கூடும். மருந்தை உறையவிடக் கூடாது என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் மான் இறைச்சி உறைந்தால்தான் கெடாது. வேட்டைக்காரரின் பங்கு இறைச்சி மருந்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டு, மருந்தும் சேர்ந்து உறைந்து, பின் இளக்கப்பட்டது என்று ஐயுறுகிறேன். எஞ்சிய போத்தல்களின் ஒட்டுத்தாள்கள் ஈரத்தில் கழன்றிருந்தன. உள்ளே மருந்து திரைந்த பால்போல் துணுக்குத் துணுக்காக நின்றது. ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

ஐயாத்துரை பிள்ளைகுட்டிக்காரர். விசாரணையில் இதைச் சொல்லமாட்டார். சொல்லாததற்காக அவரைத் தண்டிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

5. வீரகத்தியின் மனைவி கமலாசனி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதைத் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. "பாம்பு கடிச்சால் பரிகாரியிட்டப் போகவேண்டாம், நேரே இஞ்ச கொண்டுவாங்கோ எண்டு நீங்கள்தானே மிஸி சொன்னனீங்கள்?" ஆம், நாட்டு வைத்தியரிடம் போகவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் என் பேச்சை நம்பி வந்து, என் கையால் ஏற்றிய மருந்தோடு இறந்தார். எனக்கு வேலை போவதைவிட இதுவே தாங்கமுடியாமல் இருக்கிறது.

6. மரியாதைக் குறைவாகக் கொள்ளமாட்டீர்கள் என்றால் இன்னொன்றும் எழுதுகிறேன். சென்ற ஆண்டு தாங்கள் பரிசோதனைக்கு வந்தபோது வைத்திய அதிகாரியின் வீட்டில் மான் இறைச்சிக் கறியும் ஐஸ் போட்ட தோடம்பழச் சர்பத்தும் பரிமாறப்பட்டன. இந்த வெயிலில் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று தாங்கள் வினவியதாக நான் கேள்விப்படவில்லை. தங்களையும் சந்தேகிப்பதற்கு மன்னிக்கவும். ஆனால் தங்களை விட்டால் எழுதுவதற்கு எனக்கு வேறு ஆளில்லை.

7. ஆகவே ஐயா, என்மீதான விசாரணை பிறகு ஆறுதலாக நடக்கட்டும். முதலில் நல்ல மருந்தை அனுப்பிவையுங்கள். அரிவு வெட்டு இன்னும் முடியவில்லை; சனங்கள் வெறுங்காலோடு வயலில் நிற்கிறார்கள். இன்று ஒருவரைக் கடிபட்டுக் கொண்டுவந்தால், பரிகாரியிடமே கொண்டுபோங்கள் என்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லும் நிலைக்கு என்னை விடாதீர்கள். பின்னர் தாங்கள் நேரில் வரவேண்டும். வருவதாக யாருக்கும் அறிவிக்காமல் வரவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

இம்மனுவும் மருந்துப் போத்தலும் கிடைத்ததற்குத் தங்கள் கையொப்பத்தை மஹ்றூப் அவர்களிடமே கொடுத்தனுப்பவும். எஞ்சிய போத்தல்களை என் விடுதி அலுமாரியில் பூட்டிவைத்திருக்கிறேன். தாங்கள் வரும்வரை அதன் திறப்பு என் இடுப்பில் இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் கையொப்பத்துக்குக் காத்திருக்கும்,

ஏ. சிவனேஸ்வரி
பொறுப்புத் தாதி

இடம்: கொன்றையடிக்குளம்
திகதி: 24.02.1963