அரைத் தட்டு முந்தி

மே 4, ஞாயிறு. வெலிங்டன்.

விடிந்ததிலிருந்து மலை முழுக்க மூடுபனி. மூன்று நாளாகத் துணி காயவில்லை. டீப்பாயைச் சுவரோரம் தள்ளி, தலையில் அந்த வி.ஆர். பெட்டியை மாட்டிக்கொண்டு, காலை ஏழரைக்குக் கும்மிக்கு ரெடி. ஷார்ஜாவில் இவருக்கு மணி ஆறு.

பெட்டிக்குள்ளே மைதானம் எப்போதும் காய்ந்தே கிடக்கும். ஒரு கோயில், ஒரு வேப்பமரம், இறங்கவே இறங்காத நிலா. ஆளுக்கொன்றாக நாற்பது பொம்மைகள், எந்தெந்த ஊரிலிருந்தோ. யாருக்கும் கால் தரையில் பதியாது. என் வலது பக்கம் இவர் பொம்மை. தலை நிறைய முடி. அவரே தேர்ந்தெடுத்தது.

நம் கைதட்டல் நெட்டில் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகிறது. அதனால் கும்மி சொல்லித்தரும் பொள்ளாச்சி மாஸ்டர் வாராவாரம் சொல்வது: "அரைத் தட்டு முந்தித் தட்டுங்க. அப்பத்தான் எல்லாத்துக்கும் ஒண்ணா உழுகும்." இரண்டு வருஷமாக முந்தித் தட்டி அதுவே பழகிவிட்டது. ஜோடியாகத் திரும்பி கையோடு கை தட்டும் இடத்தில், பிடித்திருக்கும் கருவி உள்ளங்கையில் ஒரு தடவை அதிரும். இவர் கை என் கையில் பட்டது இந்த இரண்டு வருஷத்தில் அவ்வளவுதான்.

முடிந்ததும் பொம்மை சொன்னது: "லீவு கெடச்சிருச்சு புள்ள. வியாழக்கெழம வாரேன்." இருபது நாள்.

வாங்க: கம்பளி 1, வர்க்கி, மட்டன், பாத்ரூம் பல்பு. சி.எல். எழுதிக் கொடுக்க.

மே 8, வியாழன்.

வந்துவிட்டார். கல்லாறு தாண்டியதும் டூரிஸ்ட் வண்டி வரிசை, வீடு சேர மாலை ஐந்து. இளைத்திருக்கிறார். முன்தலை முழுக்க வழுக்கை. பொம்மையையே பார்த்துப் பழகிய கண், ஒரு நிமிஷம் தடுமாறியது. வெட்கம்.

டீ கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றார். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் முதல் தேங்க்ஸ். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பல்பு மறந்துபோனது.

மே 11, ஞாயிறு.

வழக்கம்போல ஏழேகாலுக்கு டீப்பாயைத் தள்ளிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இவருடைய பெட்டி ஷார்ஜாவில். இங்கே இருப்பது ஒன்று. "நீ ஆடு, நான் பேப்பர் படிக்கறேன்" என்றார். நானும் மாட்டவில்லை. காலியான ஹாலில் ஆளுக்கொரு பக்கம்.

"ஏனுங்க, இங்கயே ரெண்டு அடி போட்டுப் பாக்கலாமுங்களா?"

"கீழ்வூட்டுல என்ன நெனைப்பாங்க."

மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஆடுவார். மூன்று அடி தள்ளி இருந்தால் மாட்டார்.

கீழ்வீட்டு சரோஜாக்கா மதியம் வந்தது. அடுத்த ஞாயிறு அரவேணு கோயிலில் கும்மியாம், கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லாம் சேர்ந்து. "ரெண்டு பேரும் வாங்க. ஆம்பளைகளும் ஆடறாங்க." இவர் முந்திக்கொண்டு, "நான் வீடியோ எடுக்கறனுங்க" என்றார்.

மே 15, வியாழன்.

மழை. ஆபீசில் கரண்ட் இல்லை, சீக்கிரம் விட்டார்கள். காலில் சலங்கை கட்டிப் பார்த்தேன். நிஜமான கனம். கணுக்கால் வலி.

மறுபடியும் கேட்டேன். கடைசித் தடவை என்று சொல்லியே கேட்டேன்.

"அங்க பொம்மதானே ஆடுது கவிதா. இங்க நாந்தானே ஆடோணும். வழுக்கத் தலையோட, நாலு பேரு முன்னால."

ரசத்தில் இரண்டு தடவை உப்பு. அப்படியே குடித்து முடித்தார். எனக்கு வேண்டியது அந்த முடிக்காரன் இல்லை. இதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுத வருகிறது.

மே 18, ஞாயிறு.

அரவேணு. வெயில், புண்ணியத்துக்கு. மைதானம் மட்டும் சேறு. ஐம்பது பேர், நான் சரோஜாக்காவுக்கு அடுத்து. இவர் இஞ்சி டீக்காரர் பக்கத்தில், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

பாட்டு ஆரம்பித்தது. முதல் தட்டிலேயே மானம் போயிற்று. ஐம்பது பேரும் தட்டுவதற்கு முன்னால் என் தட்டு தனியாக. அடுத்ததும் அப்படியே. பொறுத்துத் தட்டலாம் என்றால் கை கேட்கவில்லை. சரோஜாக்கா, "அம்மிணி, என்ன அவசரம்?" பின்வரிசையில் சிரிப்பு. நடுவில் நின்று பாடியவர், "யாருங்க அது முந்தறது?"

அழுகை வந்துவிடும் போலிருந்தது. விலகி நின்றுவிடலாம் என்று நினைத்தபோதுதான் கேட்டது. கூட்டத்துக்கு வெளியே இன்னொரு தட்டு. என் தட்டோடு சரியாகச் சேர்ந்து. அரைத் தட்டு முந்தி.

திரும்பினேன். போன் சட்டைப் பையில். டீ கிளாஸ் தரையில். அவருக்கே தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

பாடியவருக்கும் கேட்டுவிட்டது. "அங்க ஒருத்தரும் முந்தறாரு. உள்ள வாங்க அண்ணா. ரெண்டு பேரும் ஒரு பக்கமா நில்லுங்க, மத்தவங்களக் கெடுக்காதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

நாலாவது பாட்டுக்குள் இரண்டு பேருக்கும் முந்தாமல் தட்டத் தாளம் பிடிபட்டது. ஜோடித் தட்டு. கை சூடு, சொரசொரப்பு, வேர்வை, இஞ்சி வாசனை. மூச்சு வாங்கினார். வழுக்கையில் வெயில். நன்றாக இருந்தார்.

வீடியோ இல்லை. போகட்டும்.

மே 28, புதன்.

பிளைட். சூட்கேஸில் வர்க்கி, கம்பளியை வேண்டாம் என்றார். கிளம்பும் முன் பல்பு மாற்றினார்.

ஜூன் 1, ஞாயிறு.

தூறல். டீப்பாய், பெட்டி, ஏழரை. அதே நிலா, அதே நாற்பது பொம்மைகள். வலது பக்கம் இவர், தலை நிறைய முடியோடு.

மாஸ்டர்: "கவிதாங்க, பிந்துது. பக்கத்துல அண்ணா, நீங்களும் பிந்தறீங்க. மூணு வாரம் வராததுல பழசெல்லாம் மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. ஜோடித் தட்டுக்குத் திரும்பினோம். எல்லோரும் தட்டி முடித்துவிட்டார்கள். நான் தட்டாமல் கையை நீட்டியபடி நின்றேன். எதிரே அந்தப் பொம்மையும் தட்டவில்லை, கையை நீட்டியபடியே நின்றது.