நாள் தள்ளிப்போனது

ஜூலை 3, வியாழன்

அம்மா என் பீரோவைத் திறந்திருக்கிறாள். மார்ச்சில் வாங்கித் தந்த நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் இருந்ததாம். "எத்தன மாசமாச்சு?" என்றாள். நான்கு. சொல்லவில்லை. அவள் என் வயிற்றைப் பார்த்தாள். நான் துப்பட்டாவை இழுத்து மூடினேன். அதுதான் தப்பாகிவிட்டது.

ஜூலை 5, சனி

அம்மாவும் அய்யாவும் வயலுக்குப் போனதும் மிச்சச் சோறு, இரண்டு பாக்கெட் பிஸ்கட், மிக்சர் எல்லாம் தின்றேன். பசியே இல்லை. தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. கவர்களைச் சுருட்டி, ஜெராக்ஸ் கடை வேலைக்குக் கொண்டுபோகிற பையில் வைத்தேன். நான் ஒளிப்பது இதைத்தான். அம்மா வேறு எதையோ தேடுகிறாள்.

ஜூலை 7, திங்கள்

"யாருடி அவன்? ஜெராக்ஸ் கடக்காரனா? ஒங்க அய்யாவுக்குத் தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாரு" என்றாள் அம்மா.

யாருமில்ல. இல்லாத ஆள இல்லன்னு எப்படிக் காட்டுறது? இந்த ஒடம்ப எவன் பாக்கப் போறான்?

ஜூலை 9, புதன்

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். தெரிந்தவர் பார்த்துவிடாமல் அம்மா முக்காடிட்டு வந்தாள். டாக்டரம்மாவின் காதருகே போய், "கலச்சு விட்ருங்கம்மா" என்றாள்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். கர்ப்பம் இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி; சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் கூடுதல். இருபத்திரண்டு வயதில். அம்மா அழுதாள் – நிம்மதியில்.

டாக்டர் அவளை வெளியே அனுப்பினார். "ஒளிச்சு வச்சு சாப்பிடுறியாம்மா?" இதுவரை யாரும் கேட்டதில்லை. செத்துப்போகலாமென்று தோன்றியிருக்கிறதா என்றும் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். இப்படித் தின்பதும் நோய்தான், வைத்தியம் உண்டு என்றார். பெரியாஸ்பத்திரி மனநல மருத்துவருக்குக் கடிதம் தந்தார்.

பஸ்ஸில் அம்மா: "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா? நீர்க்கட்டிதான, கல்யாணமானா சரியாப்போகும்."

ஜூலை 11, வெள்ளி

மறுபடியும் தின்றேன். பையில் கவர் வைக்க இடமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அடுப்படியில் சட்டியோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "நிறுத்த முடியலம்மா. சாகலாம்னு இருக்கு. டாக்டர்ட்டயும் அதத்தான் சொன்னேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் பாட்டுக்கு என்னென்னமோ கேட்டுப்புட்டேன்" என்றாள். "அந்தக் கடுதாசிய எங்கன வச்ச?"

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் நீண்ட வரிசை. எங்களுக்குப் பின்னால் எங்கள் ஊர் முருகலட்சுமி அக்கா. "பேரு? எந்த டாக்டரு?" என்று உள்ளிருந்து கேட்டார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சுகந்தி. எம் மக" என்றாள் அம்மா. "மனநலம்."

அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை, சத்தமாகவே சொன்னாள்.