காரை வாசலில் விடச் சொன்னவளுக்கு

இன்று காலை சுகாதார அலுவலகத்தின் முன்சுவரில் பழைய சாந்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்க்கப் போன நான் தூசிக்கு மூக்கைப் பொத்தியபடி நிமிர்ந்தபோது, சாந்துக்கு அடியில் கல்லில் வெட்டிய ஜெர்மன் எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக்கூட்டி வாசித்தேன்: நுரையீரல் நோயாளர் உதவி நிலையம். உன்னைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

நூறு வருடத்துக்கு முன், சுரங்கத் தொழிலாளர்களுக்காக நகரசபை திறந்த நிலையமாம். உள்ளே இருந்த மருத்துவர் சொன்னார். இங்கிருந்து தாதிமார் வீடு வீடாகப் போய், இருமுகிறவருக்குத் தனிக் கட்டில் உண்டா, ஜன்னல் திறக்கிறதா என்று பார்ப்பார்களாம். பிள்ளைகளுக்குப் பாலும் கிடைக்குமாம். ஆனால் பலர் கதவைத் திறக்க மாட்டார்களாம். வீட்டுக்காரன் அறிந்தால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவான் என்ற பயம். நீ கேட்டிருந்தால், "இவையளும் எங்களைப் போலதானோ?" என்று சிரித்திருப்பாய்.

கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த ஊர் அகதி விடுதிக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில்தான் நீ இருமத் தொடங்கினாய். உன் கணவரும் சின்ன மகளும் நீயும் ஓர் அறையில். எதிர் அறையில் நானும் என் கணவரும். மாடி முழுவதற்கும் ஒரே சமையலறை. உன் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் தனியே வைத்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான் விட்டார்கள். நீ திரும்பி வந்தபோது உன் சட்டி பானை சமையலறையில் இல்லை. யாரோ குளியலறை வாசலில் வைத்திருந்தார்கள். நீ எடுத்துக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தாய். மறுநாள் மறுபடி வெளியே கிடந்தது. நீ மறுபடி உள்ளே வைத்தாய்.

சுகாதார அலுவலகத் தாதி ஒருவர் உனக்கு மாத்திரை கொண்டுவருவார். அலுவலகப் பெயர் எழுதிய காரைத் தெருமுனைக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்தே வருவார். சனம் கண்டு கதைக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம். என் அரைகுறை ஜெர்மனில் அதை விளங்கிக்கொண்டு உனக்குச் சொன்னேன்.

"அவவுக்குச் சொல்லு, அடுத்தமுறை காரை வாசலிலேயே விடட்டாம்."

"உனக்கென்ன விசரோ? எல்லாரும் பாப்பினம்."

"பாக்கட்டும். நான் களவெடுத்தனானோ?"

நான் மொழிபெயர்த்தேன். தாதி உன்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்தமுறை கார் வாசலிலேயே நின்றது.

பிறகு விடுதியில் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க டெர்மீன், நாள் குறித்த கடிதம், வந்தது. ஒருவரும் போவதாயில்லை. நோய் கண்டால் அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு கதை பரவியிருந்தது. என் கணவருக்கும் இருமல். "குளிருக்கு" என்பார். தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு இருமுவார்.

ஒரு பின்னேரம், எல்லோரும் சமைக்கிற நேரம் பார்த்துச் சமையலறை நடுவில் வந்து நின்றாய்.

"எனக்கு வந்தது சயரோகம். ஓம், சயரோகம்தான். குளிசை போடுறன், மாறுது. இனி என்னாலை ஒருத்தருக்கும் தொத்தாது. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக முதல் உங்களோடை இருந்துதானே இருமினனான்? படம் எடுக்க வாங்கோ. திருப்பி அனுப்புவினமோ எண்டு தாதியிட்டைக் கேட்டனான். தங்கடை வேலை சுகப்படுத்திறது, அனுப்பிறதில்லையாம்."

நீ என் கணவர் பக்கம் திரும்பினாய்.

"அண்ணை, எல்லாரும் என்ரை சட்டிக்குப் பயப்பிடுகினம். உங்களுக்கு உங்கடை நெஞ்சை நினைச்சுப் பயமில்லையோ?"

அவர் முகம் கறுத்துவிட்டது. எங்கள் அறைக்குள் இருந்ததைச் சபைக்குக் கொண்டுவந்துவிட்டாயே என்று எனக்கும் கோபம். மறுநாள் காலை நீ மகளைக் கையில் பிடித்தபடி வாசலில் காத்து நின்றாய். முதலில் ஒரு குடும்பம் இறங்கி வந்தது, பிறகு இன்னொன்று. எல்லோருக்கும் கடைசியாக அவர். பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. நான் வந்து உட்கார்ந்தேன்.

அவருடைய படத்தில் ஒரு நிழல் இருந்தது. வேளைக்கு வந்தீர்கள் என்றார் மருத்துவர். மாதக்கணக்கில் குளிசை போட்டார், வருத்தம் மாறிச் சுகமானார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இன்றும் கோப்பி சூடில்லை என்று என்னோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் பேப்பரை விரித்தார்.

உன்னைக் கொண்டுபோனது அந்த நோயல்ல, நெஞ்சுவலி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, மண்டபத்தில் உன்னைப் பற்றிப் பேச என்னைக் கேட்டார்கள். உன் கணவரின் தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அவவுக்கு வந்த அந்த வருத்தக் கதை வேண்டாம். அவவின்ரை பேத்திக்குக் கலியாணம் பேசுறம்."

"ஏலாது தம்பி. அதை விட்டால் அவளைப் பற்றி நான் என்ன சொல்ல?"

மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன், நோயின் பெயரோடு. உன் கணவரின் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். ஆனால் உன் மகள் என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"மாமி, மாப்பிள்ளை வீட்டுக்கு நான் முதலே சொல்லிட்டன்."

"என்ன சொன்னவை?"

"யோசிச்சுச் சொல்லுறமெண்டவை. சரி, நாங்களும் யோசிக்கிறம் எண்டு சொல்லிட்டு வந்திட்டன்."

அவள் சொன்ன விதத்தில் நீயே நின்றாய். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

இன்று நான் மொழிபெயர்த்தது ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு. "அக்கா, வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாதேங்கோ. வெளியிலை ஆக்கள் இருக்கினம்" என்றாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். யாருக்குச் சொல்வது என்பது அவளுடைய உரிமை. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்: "காசநோய். மாறும்." அவள் திடுக்கிட்டாள். கைகளைப் பார்த்தபடியே தானும் அந்தப் பெயரைச் சொன்னாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

"கேக்கேல்லை, பிள்ளை" என்றேன்.

இன்னொரு முறை சொன்னாள். கேட்டது.