ஐஸ்பெட்டியில் செபஸ்தியானின் மூன்று பாட்டில்கள்

அன்பு மச்சான் செபஸ்தியானே,

நீ மேலே போனபின் முதல் கிறிஸ்மஸ் வருகிறது. சுங்கைப் பட்டாணியில் எல்லோரும் நலம். உன் தங்கை என்னைத் திட்டும் அளவுக்கு மிகவும் நலம்.

போன வாரம் உன் பாட்டில்களுக்கு ஆபத்து வந்தது. தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது ஊர் ஊராக மண் அள்ளி, அதிலிருந்து பூச்சி கொல்லும் கிருமி பிரித்து எங்கள் ஐஸ்பெட்டியில் வைத்தாயே, அவைதான். கிறிஸ்மஸ் மீனுக்கு இடம் வேண்டுமாம்.

"மூணும் ஒரே கிருமி, ஒரே பேரு. அண்ணன் ஞாபகத்துக்கு ஒண்ணு போதும் லா. மத்ததைத் தூக்கிப் போடுங்க" என்றாள் ரோஸி.

"பேரு ஒண்ணுதான், விஷம் வேற வேற. ஒங்கப்பா பேருதான் ரெண்டு பேருக்கும் பின்னால நிக்குது. ஒங்கண்ணன் குணமும் ஒன் குணமும் ஒண்ணா?" என்றேன். அன்றிரவு எனக்குச் சோறு இல்லை.

வாயால் தோற்ற வழக்கைப் புழுவால் வெல்வோம் என்று கரங்கான் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன். எண்ணெய்ச் செம்பனை ஓலை தின்னும் புழுக்களைப் பிடித்து வந்தேன். கொசுப்புழுவுக்கு அலையவில்லை, எங்கள் பூந்தொட்டித் தட்டிலேயே வம்சம் வளர்க்கின்றன.

ஜாம் பாட்டில்களில் இரண்டு புழுவுக்கும் மூன்று கிருமியையும் கொடுத்துப் பார்த்தேன். கரங்கான் மண்ணின் கிருமி ஓலைப்புழுக்களைச் சாய்த்தது. கொசுப்புழுக்கள் அதில் நீச்சல் பழகின. கள்ளுக்கடைச் சாக்கடைக் கிருமியோ கொசுப்புழுக்களை மறுநாளே முடித்தது. ஓலைப்புழுக்கள் அதைத் தின்று கொழுத்தன. நான் சொன்னது சரி என்று ரோஸி ஒப்புக்கொண்டதைக் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கேட்டேன்.

மாதா கோயில் மண்ணில் எடுத்தது மட்டும் யாரையும் தொடவில்லை.

"கோயில் மண்ணு எப்படிங்க கொல்லும்?" என்று பெருமைப்பட்டவள், அடுத்த நொடியே, "அப்போ இதைப் போட்டுடலாம்" என்றாள்.

"இதுக்கேத்த பூச்சி இன்னும் கெடைக்கல, அவ்ளோதான்" என்றேன். உன் வாசகம்தான், மச்சான். நான் பெண் கேட்டு வந்த அன்று என்னைப் பற்றியும் அவளிடம் அப்படித்தானே சொன்னாய்? "இவனுக்கேத்த வேலை இன்னும் கெடைக்கல, அவ்ளோதான்."

அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். மீனுக்கு இடம் பண்ண என் பீர் பாட்டில்களை வெளியே எடுத்தாள். உன்னுடையவை மூன்றும் உள்ளேயே இருக்கின்றன.

கறையான், கரப்பான், கத்தரிக்காய்ப் புழு என்று கெடா மாநிலத்திலுள்ள அத்தனை பூச்சிக்கும் அந்த மூன்றாவது பாட்டிலை அறிமுகம் செய்து வைக்கிறேன். அதற்கேற்றது அகப்படும்வரை என் பீர் சூடாகவே இருக்கட்டும்.

இன்னும் ஏற்ற வேலை கிடைக்காத,
உன் தங்கை வீட்டுக்காரன்,
சூசை