தோளில் இருந்த கை

2021 ஜனவரி 24, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். கொரோனாவால் ஒரு வருடமாகப் பூட்டிக்கிடக்கும் எங்கள் பள்ளியைத் திறப்பார்களாம், வகுப்பறைகளைக் கழுவ வேண்டுமாம். போகும்போது, "யூஸனா, உன் அலமாரியில எலி குடும்பம் நடத்துது. நாளைக்கு வந்து காலி பண்ணு. இது தலைமை டீச்சர் உத்தரவு" என்றாள். "இப்ப சாப்பிட்டது யாரு, தலைமை டீச்சரா அக்காவா?" என்று கேட்டேன். சிரித்தபடியே சைக்கிளில் ஏறினாள். ஐம்பத்தேழு வயதில் இந்த மாண்டலே வெயிலில் இன்னும் சைக்கிள்தான்.

பிப்ரவரி 1

காலையிலிருந்து போன் வேலை செய்யவில்லை. தேநீர்க் கடைக்குப் போன என் கணவர் மின் ஹான் டீ குடிக்காமலே திரும்பி வந்தார். "ஆட்சிய ஆர்மி எடுத்துக்கிச்சாம்" என்றார். மோட்டார் சைக்கிள் பட்டறையையும் திறக்கவில்லை.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவள் அவள். அங்கே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

பிப்ரவரி 2

இரவு எட்டு மணிக்கு, பேய் விரட்டுவதுபோலத் தெரு முழுவதும் பாத்திரம் தட்டியது. என் கையில் சோற்றுப் பானையின் மூடி. பக்கத்து வீட்டு மா ஏ மூ வாணலியை எடுத்துக்கொண்டு வந்து, "இந்தப் பேயை விரட்ட என் மாமியாரே போதும்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம்.

பிப்ரவரி 11

வேலைநிறுத்தத்தில் கையெழுத்திட்டேன். எங்கள் பள்ளியில் பதினான்கு பேர். அக்கா இடவில்லை.

பிப்ரவரி 22

இவ்வளவு ஜனத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பச்சை லுங்கியும் வெள்ளை ரவிக்கையுமாக டீச்சர்கள் மட்டுமே ஒரு ஆறு போலப் போனோம். பழைய மாணவி வட் யீ ஓடி வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பதினேழு வயது. "பெரிய டீச்சர் வரலையா?" என்றாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன்? அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அக்கா. அதனால்தான்.

மார்ச் 27, சனி

வட் யீ போய்விட்டாள். ஊர்வலத்தில் சுட்டுவிட்டார்கள்.

மார்ச் 28

உடலை வெளியே வைக்க ராணுவம் விடவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அவ ஹோம்வொர்க் செய்யாம ஏமாத்துவாளே, ஞாபகம் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இருக்கு. இருக்கு.

அக்கா வந்திருந்தாள். கடைசி வரிசையில் நின்றாள். நான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 14

தண்ணீர்த் திருவிழா. யாரும் யார்மேலும் தண்ணீர் ஊற்றவில்லை.

மே 19

பணிநீக்கக் கடிதம் வந்தது. அக்காவின் கையெழுத்தோடு. சட்டப்படி அவள்தான் போட வேண்டுமாம். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் சிறுவயது நோட்டுகளில் எல்லாம் அதுதானே இருந்தது.

மே 20

போய்ச் சண்டை போட்டேன்.

"நான் போடலைன்னா வேற ஒருத்தி போடுவா" என்றாள்.

"போடட்டும். நீ ஏன் போட்ட?"

"மூணு வருஷத்துல ஓய்வு. எனக்குப் புருஷனா, பிள்ளையா? அந்த பென்ஷன்தான் எனக்கு எல்லாம். நான் பயந்தாங்கொள்ளிதான், யூஸனா. இப்ப திருப்தியா?"

"வட் யீ பயப்படலையே" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 1, செவ்வாய்

பள்ளி திறந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். முனையில் நின்று பார்த்தேன். அக்கா சாதாரணத் துணியில் வந்தாள். தெருவில் யாரும் அடையாளம் காணக் கூடாது என்று சீருடையைப் பையில் மறைத்துக்கொண்டு! சிப்பாய் கையை நீட்ட, பையைத் திறந்து காட்டினாள். அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். வணங்கினாள் என்றே எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அதைச் செய்தேன். எழுதத்தான் வேண்டும். வேலைக்குத் திரும்பிய டீச்சர்களின் படங்களை முகநூலில் போடுகிறார்கள் அல்லவா? துரோகிகள் பட்டியல். பெயர், பள்ளி, விலாசம் எல்லாவற்றோடும். போன வருடம் பியின் ஊ ல்வின் மலையூரின் பூந்தோட்டத்தில் நானும் அக்காவும் எடுத்த படம் இருந்தது. என்னை வெட்டி எடுத்துவிட்டு, அவள் பெயர் விலாசத்தோடு அனுப்பினேன்.

ஜூன் 3

படம் வந்துவிட்டது. இரண்டாயிரம் பேர் கோபமுகம் போட்டிருக்கிறார்கள். மின் ஹான் போனை நீட்டி, "யார் செஞ்சாங்க இத?" என்றார். தெரியாது என்றேன்.

ஜூன் 10

அக்கா வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியிருக்கிறார்களாம். மா ஏ மூ சொன்னாள். "நல்லா வேணும்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 13

ஊரே இருமுகிறது. எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் கொடி கட்டியிருக்கிறது. மருந்து வேண்டுமென்றால் மஞ்சள் துணி, சோறு வேண்டுமென்றால் வெள்ளை.

ஜூலை 16

மின் ஹான் வந்து சொன்னார், அக்கா வீட்டில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது என்று. நேற்றிலிருந்து கட்டியிருக்கிறதாம். அந்தத் தெருவில் உதவிக் குழுப் பையன்கள் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அந்த ஒரு வீட்டுக்குப் போகவில்லை.

அவர் ஆக்சிஜன் வரிசைக்கு ஓடினார். நான் அங்கே ஓடினேன். கதவில் அந்தச் சாயம் அப்படியே இருந்தது. அக்கா தரையில் படுத்திருந்தாள். "மாஸ்க் போடு, கழுதை" என்பதுதான் முதல் வார்த்தை.

ஜூலை 18

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி எழுபத்தாறு காட்டுகிறது. மின் ஹான் இரண்டு நாளாகச் சிலிண்டரோடு வரிசையில் நிற்கிறார். ஒரு முறை சிப்பாய்கள் வானத்தை நோக்கிச் சுட்டுக் கலைத்தார்களாம். திரும்பவும் போய் நின்றிருக்கிறார். எனக்கும் சுரம். யாரிடம் சொல்ல?

கஞ்சி ஊட்டினேன். மூன்று கரண்டி. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் படம் நீதானே கொடுத்த?"

"இல்ல."

மூச்சு வாங்கினாள். "உன்ன வெட்டிட்ட. ஆனா கையை வெட்டலையே. என் தோள்ல இருக்கிறது யார் கைன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பரவால்ல விடு" என்றாள். "அந்தப் படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஜூலை 19

காலை ஒன்பதே கால். மின் ஹான் சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது.

ஜூலை 20

சுடுகாட்டில் வரிசை. வண்டியைவிட்டு இறங்கவே விடவில்லை. டோக்கன் நம்பர் கொடுத்தார்கள். வட் யீக்காவது ஒரு மணி நேரம் கிடைத்தது.

ஜூலை 26

ஏழாம் நாள். மடத்துக்குச் சோறு அனுப்பினோம். மா ஏ மூ எங்கள் வாசல் வரை வந்தாள், உள்ளே வரவில்லை. "உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் யூஸனா. லிஸ்ட்ல இருந்தவளுக்கு வைக்கிற படையலை நான் எப்படிச் சாப்பிடறது, சொல்லு?"

"அவ பேரைக் கொடுத்தது நான்தான்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. உள்ளே தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த மின் ஹான் நிமிர்ந்து பார்த்தார். மா ஏ மூ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 29

மின் ஹான் மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று மட்டும், "அக்காவும் அந்தக் கடிதம் போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். எனக்காகச் சொல்கிறார். அதுவும் சரியில்லை.

செப்டம்பர் 9

ராணுவத்தின் மேல் போர் என்று எதிர்த்தரப்பு அரசு அறிவித்திருக்கிறது. மா ஏ மூவின் மகள் போராளிகளோடு சேரக் காட்டுக்குப் போய்விட்டாள். மா ஏ மூ வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை.

அக்டோபர் 17

அக்கா வீட்டில் பாடம் தொடங்கினேன். அரசுப் பள்ளிக்கு அனுப்ப மனமில்லாதவர்களின் பிள்ளைகள். ஆறு பேர்.

நவம்பர் 30

எங்கள் பள்ளியில் இன்னும் வேலை பார்க்கும் மா கைங்கின் மகள் வந்து நின்றாள். பள்ளி வாசலில் குண்டு வெடித்ததிலிருந்து அங்கே போகப் பயப்படுகிறாளாம். அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறது. பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "இவ வந்தா எங்கம்மா என்னை அனுப்பமாட்டாங்க டீச்சர்" என்றான்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு. இடம் இருக்கு" என்றேன்.

டிசம்பர் 10, வெள்ளி

மௌனப் போராட்டம். ஊரில் ஒரு வண்டி ஓடவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. பாடம் இல்லை என்று நேற்றே சொல்லியிருந்தேன். போராட்டம் முடிகிற நாலு மணிக்கு வீடுகளுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. எழுந்து நானும் தட்டினேன். வெகு நேரம் தட்டினேன் போலிருக்கிறது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் மட்டும் என்னோடு தட்டிக்கொண்டிருந்தார்.

மா ஏ மூதான். பிறகு சன்னமாகக் கேட்டாள், "நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க டீச்சர்? கஞ்சி வைக்கணும், அதான் கேட்டேன்."

"ஒன்பது" என்றேன். "மா கைங் பொண்ணையும் சேர்த்து."

"சரி. ஒன்பது" என்றாள்.